பழுது பார்ப்போம், பகிர்ந்து கற்போம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சொற்பொழிவு நிகழ்வதே வழக்கம். புலமை மிக்க பெரியோர்கள் நின்று பேசிய இவ்விடத்தில் என்னைப் போன்றவன் நிற்பது சற்றுத் துணிச்சலான செயல்தான். நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். என் தந்தையார் மறைந்தபின் இரயில்வேயில் சேர்ந்து, இன்று எழுத்தராகப் பணிபுரிபவன். பகலெல்லாம் கோப்புகளோடு காலம் கழிக்கும் எனக்கு, சால்டரிங் இரும்பும் செம்புக் கம்பியும் சிறுவயது முதலே தோழர்கள். "ஞாயிறுதோறும் நூலக அறையில் சிலர் கூடி ஏதேதோ கழற்றி மாட்டுகிறீர்களே, அதைப்பற்றிப் பேசுங்கள்" என்று நம் செயலாளர் பணித்தார். மறுக்க இயலாமல் வந்து நிற்கிறேன்.

நம் நாட்டில் வானொலி எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அரசாங்கம் அதைக் கொண்டுவருவதற்கு முன்பே ஆர்வலர்கள் கொண்டுவந்துவிட்டார்கள். 1921இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா, முகுல் போஸ் என்னும் இருவர் சொந்த ஆர்வத்தால் வானொலி நிலையம் நடத்தினர். 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமுடையால் 1927இல் அது நின்றது. அவர்களுடைய ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது 1938இல். ஆக, முதலில் வந்தவர்கள் ஆர்வலர்கள்; அரசு பின்னரே வந்தது. இதைச் சொல்வது பெருமை பேசுவதற்காக அன்று. பொழுதுபோக்கு என்று நாம் எளிதாக ஒதுக்கும் ஒன்று, நாட்டுக்கே பயன்படும் ஒன்றாக வளரக்கூடும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அந்நாளைய ஆர்வலர் கையில் இருந்தது படிக ரேடியோ. நீண்ட ஏரியல் கம்பி, சுருள், கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகம் ஒரு துண்டு, காதில் வைத்துக் கேட்கும் கருவி — இவ்வளவே அதன் உறுப்புகள். மின்கலமும் வேண்டா, மின் இணைப்பும் வேண்டா. நிலையம் அனுப்பும் அலையின் ஆற்றலே காதில் ஒலியாகிறது. இத்தகைய படிகத்தைக் கொண்டு அலைகளை உணரும் முறைக்கு 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ். 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்ட மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். 1972இல் '555' என்னும் எட்டுக்கால் சில்லு விற்பனைக்கு வந்தது. விளக்கை விட்டு விட்டு எரியச் செய்வதும், மணி ஒலிக்கச் செய்வதும், தண்ணீர்த் தொட்டி நிரம்பியதை அறிவிப்பதும் அச்சிறு சில்லால் பத்து வயதுச் சிறுவனுக்கும் கைகூடின. தில்லியிலிருந்து 1969இல் வெளிவரத் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழின் சுற்றுப் படங்களை எத்தனை இளைஞர்கள் தாளில் வரைந்து கொண்டு, சென்னை ரிச்சி தெருவிலும், பம்பாய் லாமிங்டன் சாலையிலும், தில்லி லஜபத் ராய் சந்தையிலும் உறுப்புகளைத் தேடி அலைந்திருப்பர்! அக்கடைகளில் பொருள் விற்பவரே ஆசிரியராகவும் இருப்பார். "இந்த எண் கிடைக்காது தம்பி, அதற்குப் பதிலாக இதைப் போடு, கால்கள் மட்டும் மாறி இருக்கும், பார்த்துக்கொள்" என்று அவர் சொல்லும் ஒரு சொல், ஒரு மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

இந்தக் கலையின் உயிர் அச்சொல்லில்தான் இருக்கிறது. தனியே ஒருவன் கற்றுத் தேர்வது அரிது. ஒருவர் கண்டதை மற்றவர்க்குச் சொல்ல, அவர் அதைத் திருத்திச் சொல்ல, அவ்வாறே இவ்வறிவு வளர்ந்தது.

இனி நம் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியபோது இருந்தவை ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், இரண்டு திருப்புளி. முதலில் வந்தது சீலிங் ஃபேன். ஓசை வரும், சுழலாது. குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மெல்லச் சுழலும். வீட்டார் மோட்டார் எரிந்துவிட்டது என்று புதிய ஃபேனுக்கு விலை கேட்டு வந்திருந்தனர். பழுது கண்டென்சரில் இருந்தது. 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதிய சிறு டப்பி ஒன்றை மாற்றியதும் ஃபேன் சுழன்றது. அடுத்து வந்தது மிக்ஸி. தோசைக்கு மாவரைக்கையில் நின்றுபோயிற்று என்றார் அவ்வம்மையார். பெரும்பாலான மிக்ஸிகளின் அடிப்புறத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. சுமை மிகுந்தால் அது தானே வெளியே துள்ளி மின்சாரத்தை நிறுத்திவிடும். சற்று ஆறவிட்டு அதை அழுத்தினால் போதும். பொத்தான் ஒன்று இருப்பதை அறியாமல் எத்தனை மிக்ஸிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்குமோ!

எல்.இ.டி. விளக்கில் சிறு சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று கருகினால் அனைத்தும் அணையும். இரயில் பெட்டிகளில் நடுவே ஓர் இணைப்பு அறுந்தால் பின்பகுதி முழுவதும் நின்றுவிடுவது போன்றதே இது. இஸ்திரிப் பெட்டியில் பழுது பெரும்பாலும் கம்பி வளையும் கழுத்தில்தான் இருக்கும். தொலைக்காட்சியின் ரிமோட் வேலை செய்கிறதா என்று அறிய, அதன் முனையைக் கைப்பேசியின் முன்புறக் கேமராவில் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் மின்னுவது தெரியும். இவற்றில் மந்திரம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் சொன்னால் எளிது, தெரியாதவர்க்கு மலை.

உதவி கேட்பவர்க்கும் உதவுவோர்க்கும் நாங்கள் சில வழக்கங்களை வகுத்துக்கொண்டோம். கருவியைக் கொண்டுவருபவர் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லி விலகக் கூடாது. எப்போது நின்றது, நிற்பதற்கு முன் மணமோ புகையோ ஓசையோ வந்ததா, மழையில் நனைந்ததா, இதற்கு முன் யாரேனும் திறந்தார்களா — இவற்றைச் சொல்ல வேண்டும். நோயாளியின் வரலாறு அறியாமல் மருத்துவர் மருந்து தருவதில்லை அல்லவா? அடுத்து, அளந்து பார்த்த பிறகே மாற்ற வேண்டும். ஐயத்தின்பேரில் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவது, கணக்கில் பிழையைத் தேடாமல் புத்தகத்தையே மாற்றுவது போலாகும். திருப்புளி கொண்டுவந்தவர் கையிலேயே இருக்க வேண்டும். உதவுபவர் அருகில் இருந்து வழி காட்டலாமே தவிர, பறித்துச் செய்யக் கூடாது. இறுதியாக, பழுது தீர்ந்ததும் என்ன கண்டோம் என்பதை மேசையிலுள்ள குறிப்பேட்டில் எழுத வேண்டும். நான் எழுத்தன் ஆதலால் இவ்விதியில் சற்றுக் கண்டிப்பாக இருக்கிறேன். தீர்ந்த பழுதைக் குறித்து வைக்காதவன், அடுத்து வருபவர் அறிய வேண்டியதைத் தன்னோடு கொண்டு போய்விடுகிறான்.

அந்தக் குறிப்பேடு தமிழில் எழுதப்படுகிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் குழந்தைகள் இங்கே பிறந்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் படிக்கிறார்கள். ஞாயிறு காலைத் தமிழ் வகுப்புக்கு அவர்கள் வருவது பெற்றோர் வற்புறுத்தலால் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மேசைக்கு வற்புறுத்தல் தேவைப்படவில்லை. குறிப்பேட்டில் 'கறுப்புக் கம்பி நடுவில் அறுந்திருந்தது. பற்றவைத்தபின் சரியாயிற்று' என்று எழுதுவதற்காக ஒரு சிறுவன் 'ற'கரத்திற்கும் 'ர'கரத்திற்கும் உள்ள வேறுபாட்டை என்னிடம் வந்து கேட்டான். பாடப் புத்தகத்தில் ஓராண்டு கேட்காத கேள்வியை ஓர் அறுந்த கம்பி கேட்க வைத்தது.

ரெசிஸ்டரின் மேலுள்ள நிற வளையங்களைக் குழந்தைகள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். கறுப்பு சுழி, பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நான்கு, பச்சை ஐந்து, நீலம் ஆறு, ஊதா ஏழு, சாம்பல் எட்டு, வெள்ளை ஒன்பது. சிவப்பு முதல் ஊதா வரை வானவில்லின் வரிசையே வருகிறது என்று சொன்னால் போதும்; முன்னே இருளான இரண்டு, பின்னே வெளிறிய இரண்டு என்று அவர்களே சேர்த்துக்கொள்வர். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஒன்றும் சுழியும், அதன்பின் இரு சுழிகளும்: ஆயிரம் ஓம்.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுதும் அடைபட்டது. பள்ளிகள் மூடின, பாடம் கைப்பேசி வழியே வரத் தொடங்கியது. பிள்ளைகள் இருவர், கைப்பேசி ஒன்று என்றிருந்த வீடுகள் நம் குடியிருப்பில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். கடைகள் திறக்கவில்லை. பரணில் கிடந்த பழைய கைப்பேசிகளையும், திரை மட்டும் கெட்ட மடிக்கணினிகளையும் சிலர் எடுத்துத் துடைத்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி ஓட வைத்தார்கள். எதிர் வீட்டார் பால்கனியில் நின்று, "மாமா, சார்ஜர் போட்டால் சூடாகிறது, திரை வரவில்லை" என்று கூவ, இங்கிருந்து விடை சொன்ன நாள்கள் உண்டு. அந்த ஆண்டில் படிப்பை விட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் இன்று இங்கே முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நம் ஞாயிறு மேசைக்கு வித்திட்டவை அந்நாள்களே.

இனி, வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். இந்நாக்பூரின் வெயிலை நீங்கள் அறிவீர்கள். மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். கூலர் இல்லாத வீடு இல்லை. இரும்புத் தகட்டுப் பெட்டி, உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் பம்பு, அருகில் 230 வோல்ட். இரண்டு கோடைக்கு முன் அண்டைத் தெருவில், கூலருக்குத் தண்ணீர் ஊற்றிய இளைஞர் ஒருவர் மின்தாக்கி மாண்டார். பம்பின் கம்பி உரிந்து தகட்டைத் தொட்டிருந்தது. எர்த் கம்பி எங்கும் இணைக்கப்படவில்லை. மூன்று கால் பிளக்கின் பெரிய கால் அழகுக்காக வைத்ததன்று. கசிந்த மின்சாரம் மனித உடல் வழியே போகாமல் நிலத்திற்குப் போவதற்காக வைத்த வழி அது. அவ்வழி அடைபட்டிருந்தமையால் ஓர் உயிர் போயிற்று.

அது முதல் ஒவ்வோர் ஏப்ரலிலும் எங்கள் மேசையைச் சேர்ந்தவர்கள் இருவர் இருவராக வீடுவீடாகச் சென்று கூலர்களைப் பார்க்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பின், எர்த் காலுக்கும் கூலரின் தகட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் காண்கிறோம். பம்புக் கம்பியைத் தடவிப் பார்க்கிறோம். பல வீடுகளில் அந்தத் தொடர்பே இல்லை. கூலரைச் சரிசெய்வது எங்கள் வேலை. சுவரிலுள்ள எர்த் கெட்டிருந்தால் நாங்கள் கை வைப்பதில்லை. அது மின்பிரிவின் பொறுப்பு. புகார்ப் பதிவேட்டில் எழுதி, ஆள் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கிறோம். தாய்மார்களுக்கு என் வேண்டுகோள்: கூலருக்குத் தண்ணீர் ஊற்றுமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்ச் கடைகளில் கிடைக்கிறது. தகுதி பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்திக் கொள்ளுங்கள்.

எங்கள் மேசையில் தொடக் கூடாதவை என்றும் சில உண்டு. மைக்ரோவேவ் அடுப்பைத் திறப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கண்டென்சரில் ஆளைக் கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கலாம். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்துவதோ அழுத்துவதோ இல்லை, அது தீப்பற்றும். நேரே மின் இணைப்பில் உள்ள எதையும் தனியாக இருந்து திறப்பதில்லை. பழுது பார்த்த கருவியை முதன்முறை ஓட்டும்போது, நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் சேர்த்துவிடுவோம். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சுமையைத் தான் வாங்கிக்கொள்ளும்; ஃபியூஸும் போகாது, கருவியும் கருகாது. அச்சத்தை நாங்கள் பழிப்பதில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சக் கற்பதும் இக்கல்வியில் ஒரு பகுதி.

அன்பர்களே! அடுத்த மாதம் கூடும் பொதுக்குழுவில், நூலக அறையை இம்மேசைக்குத் தொடர்ந்து தருவதா என்ற கேள்வி வரவிருக்கிறது. மாற்றுக் கருத்துடையோர் சொல்லும் காரணங்களை நான் மதிக்கிறேன். அவற்றுக்கு விடை கூற என்னை அனுமதியுங்கள்.

மொழியை வளர்க்கும் சங்கத்தில் கம்பிக்கும் ஈயத்துக்கும் என்ன வேலை என்பது முதற்கேள்வி. குறிப்பேட்டைப் பற்றி முன்பே சொன்னேன். புழங்கும் தொழிலில் இல்லாத மொழி, விழாவில் மட்டும் வாழ முடியாது.

பிள்ளைகளின் படிப்பு கெடும் என்பது இரண்டாவது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் நாள் கதவருகில் நின்று, "மாமா, எனக்கும் சால்டரிங் கற்றுத் தருவீர்களா?" என்று கேட்டாள். 'பெண் பிள்ளைக்கு எதற்கு?' என்று அவள் தந்தையார் தயங்கினார். இன்று அவள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறாள். சென்ற ஏப்ரலில் கூலர் பார்க்கச் சென்ற குழுவுக்கு அவளே தலைமை தாங்கினாள். அவள் தந்தையார் இப்போது மேசைக்குத் தேநீர் கொண்டுவருகிறார்.

தமிழரல்லாதார் சங்க அறைக்கு வருகிறார்களே என்பது மூன்றாவது. வருகிறார்கள், வர வேண்டும். எங்களுக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுத் தந்தவரே ஓய்வுபெற்ற மராத்திய டெக்னீஷியன் ஒருவர்தாம். மராத்தியில் சிற்றப்பனைக் 'காகா' என்பர். நம் சிறுவர்கள் முதலில் அச்சொல்லைக் கேட்டுக் காக்கையை நினைத்துச் சிரித்தனர், இப்போது அவர் ஒரு ஞாயிறு வராவிட்டால், "காகா ஏன் வரவில்லை?" என்று தேடுகின்றனர். மாண்டுபோன அந்த இளைஞரும் தமிழரல்லர். வந்த ஊரில் நாம் வாழ்கிறோம். அவ்வூருக்கு நாம் தருவது வாடகையும் வரியும் மட்டுந்தானா?

இத்தகைய ஆர்வம் ஆபத்தில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் அமெச்சூர் வானொலிக் குழுவினரோடு அந்தமான் சென்றிருந்தார். 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. போர்ட் பிளேரிலிருந்து அவர் தம் சிறு நிலையத்தின் வழியே வெளியுலகிற்குச் செய்தி அனுப்பினார். உற்றாரைத் தேடிய குடும்பங்களுக்கு நலச்செய்தி கிடைக்க வழி செய்தார். பொழுதுபோக்காகச் சென்றவர், தீவுக்கும் நாட்டுக்கும் பாலமானார்.

நாம் செய்வது புதுமையும் அன்று. 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் அம்மையார், அயலார் கூடிப் பழுது பார்க்கும் 'ரிப்பேர் கஃபே' ஒன்றைத் தொடங்கினார். 2015இல் பெங்களூரிலும் அத்தகைய முயற்சி தோன்றியது. மின்னணுக் கழிவு பற்றிய நம் அரசின் 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. விதி அரசினுடையது, குப்பை நம்முடையது. அதைக் குறைக்கும் கை நம்மிடம் இருக்க வேண்டும். பசையிட்டு ஒட்டியும், எவரும் திறவாதபடி விந்தைத் திருகுகள் இட்டும் கருவிகள் வரும் இக்காலத்தில், திறக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனால், நாளை நாம் பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கும் நாம் உரிமையாளர் அல்லோம்.

நான் கேட்பவை சில. நூலக அறையில் ஒரு மேசை, பூட்டுள்ள ஓர் அலமாரி, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம். வீடுகளில் பயனின்றிக் கிடக்கும் ரேடியோ, சார்ஜர், பழைய பலகைகளைத் தாருங்கள். கற்பவர்க்கு அவையே பாடநூல். ஓய்வுபெற்ற பெரியோர்கள் வந்து அமருங்கள். உங்கள் விரல்கள் அறிந்ததை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. எனக்கும் இன்னும் சில ஆண்டுகளில் மாற்றல் வரலாம்; காகாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. நாங்கள் போனபின் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து அடுத்த வரியை எழுத ஒரு பிள்ளை வேண்டும். அப்பிள்ளை அமர ஓர் இடம் வேண்டும். அதை மறுக்க வேண்டா என்று பொதுக்குழுவைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!